சட்டி வைக்காத வருஷம்

எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது,
வருஷம் திரும்பவில்லை
என்று சொல்லிக்கொண்டே ஓசூர் பஸ்ஸிலிருந்து வந்தாள்
நாத்தனார் கனகவல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நானும் வைப்பதாக இல்லை.
ஆனால் சாயங்காலம் ஐந்து பேர் வருகிறார்கள்,
இவர் ஆபீசில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள்,
தமிழ் வீட்டுத் தீபாவளி பார்க்க வேண்டுமென்று
தாங்களே கிளம்பியவர்கள்.
மார்ச்சில் இங்கே ஒரு சாவு விழுந்ததை
இவர் அவர்களிடம் சொல்லவில்லை.
"லேசா ஏதாச்சும் பண்ணு" என்றார்.
லேசா.

முந்தின ராத்திரியே தயிரைத் துணியில் கட்டி
சிங்க் குழாயில் தொங்கவிட்டிருந்தேன்.
விடிய விடியச் சொட்டியது.
பழைய மல் வேட்டியில் கிழித்த ஒரு முழம்.
யாருடையதென்று கனகவல்லி கேட்கவில்லை.
காலையில் அவிழ்த்தால்
ஒரு கிலோ தயிர் ஒரு கைப்பிடியாய்
உட்கார்ந்திருந்தது, வேட்டிக் கரையின் தடத்தோடு.

ரஸல் மார்க்கெட் வெள்ளரிப் பிஞ்சு, பண்டிகை விலை.
நுனியை அரிந்து
அரிந்த இடத்திலேயே தேய்த்தால்
நுரை வரும், கசப்புப் போகும் என்பார்கள்.
போகிறதா தெரியாது.
தேய்க்காமல் விட்டதில்லை.

விரல் கனத்தில் வட்டம்.
நடுவே ஸ்பூனால் ஒரு குழி.
குழிக்குத் தயிர், அதில் இஞ்சி, பச்சை மிளகாய்,
உப்பு, ஒரு கொத்து கறிவேப்பிலை.
தாளித்தால் நன்றாயிருக்கும்.
"கரண்டியில தாளிச்சா சட்டிக் கணக்கா, அண்ணி?"
கனகவல்லி யோசித்தாள்.
நிஜமாகவே யோசித்தாள்,
ஃபேன் கொக்கியில் எழுதி வைத்திருப்பதுபோல்
மேலே பார்த்துக்கொண்டு.
"கரண்டி வேற, சட்டி வேற."
கடுகு வெடித்தது.
அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில்
வெடித்தது அது ஒன்றுதான்.

வட்டத்துக்கு மூன்று மாதுளை முத்து.
நான்கு வைத்தால் ஒன்று உருண்டு விழுகிறது.

மேல்மாடி நாகரத்னம்மா
கஜ்ஜாயமும் சக்குலியும் கொண்டுவந்து வைத்தார்,
நாங்கள் சுட மாட்டோம் என்று தெரிந்து.
துக்க வீட்டுத் தட்டு வெறுமையாய்த் திரும்பலாம்
என்றாள் கனகவல்லி.
அதற்குள் நான் ஏழெட்டு வட்டத்தை அடுக்கியிருந்தேன்.

மூன்று வருஷம்,
சாயங்காலம் ஐந்து மணிக்கு
இதே பலகையில், இதே கத்தியால்
மாமனாருக்கு நறுக்கியிருக்கிறேன்.
சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காத மனிதருக்கு
டாக்டர் எழுதிக்கொடுத்த பலகாரம்.
முழங்கையால் தட்டைத் தள்ளுவார்.
"மாடு திங்கறத மனுஷனுக்கு வைக்கிறியே"
என்று டிவி சத்தத்தைக் கூட்டுவார்.
நான் திரும்ப முன்னால் நகர்த்துவேன்.
எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி
அந்தத் தட்டு போய் வந்ததுதான்.

ஏழு மணிக்கு வந்தார்கள், அல்சூர் மழையில் நனைந்து.
ப்ரணீதா என்ற பெண் முதலில் போட்டோ எடுத்தாள்,
பிறகு வாயில் போட்டாள், கண்ணை மூடினாள்.
ஒரு லக்னோ பையன் கேட்டான்:
"தீபாவளிக்கு உங்கள் பக்கம் இதுதான் வழக்கமா?
எண்ணெயே இல்லாமலா?"
இவர் என்னைப் பார்த்தார்.
"ஆமாம்" என்றேன்.
எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை.
சுவரில் புது மாலையோடு இருந்த படத்தைப் பார்த்து
"தாத்தாவா?" என்றான்.
அதற்கும் ஆமாம்.

போன பிறகு
சிங்க் ஓரம் நின்றபடியே
கனகவல்லி ஒன்று எடுத்தாள்.
இன்னொன்று.
"அப்பாவுக்கு இப்படிச் செஞ்சு குடுத்திருந்தா
தின்னிருப்பாரு."

நான் துணியை அலசிக்கொண்டிருந்தேன்.
பிழிந்தேன். உதறினேன்.
"உப்பு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க, அண்ணி."
"ம். அதுவும் உண்டு."
மூன்றாவதை எடுத்தாள்.

மீதி இரண்டு.
ஒன்றில் மாதுளை இல்லை, எங்கோ விழுந்துவிட்டது.
தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.
பார்க்காமலே திருப்பித் தள்ளினாள்,
முழங்கையால்.